சுயம்புலிங்கத்தின் ஆறடிக் கடல்

கோபாலபுரம் வீட்டு ஹாலில், மாட்டுப் பொங்கலன்று காலை பத்து மணிக்கு, சுயம்புலிங்கம் ஒரு சபதம் எடுத்தார். மனைவி தங்கம் அடுப்படியில் இருந்ததால் வாய்விட்டு எடுக்காமல் மனசுக்குள்ளேயே எடுத்தார்.

'இந்த வருஷம் ஆறடித் தொட்டி. ஒரு அங்குலம் குறைஞ்சாலும் நான் சுயம்புலிங்கம் இல்ல.'

எடுத்த கையோடு எழுந்து போய், டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த ரெண்டடித் தொட்டியின் தலையைத் தடவிக் கொடுத்தார். அது சாதாரணத் தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே இருந்தவை பாலித்தீன் பையில் தொங்கவிட்டு விற்கிற தங்க மீன்களும் இல்லை. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அசல் கடல் மீன்கள், ரெண்டு. பெரியதற்கு ராசா என்றும் சின்னதற்கு ரோசா என்றும் பேர் வைத்திருந்தார். மூன்று வருஷமாக உயிரோடு இருந்தன. அந்தத் தெருவிலேயே கடல் மீனை மூன்று வருஷம் காப்பாற்றிய ஒரே ஆள் தான்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தத் தெருவில் வேறு யாரும் கடல் மீன் வளர்க்கவில்லை என்பதைச் சொல்ல மாட்டார்.

சபதத்துக்குக் காரணம் ஜுவேரியா. அடையாறில் கடல் மீன் கடை வைத்திருக்கிற பெண். போன வாரம் அவள் கடையில் ஒரு நீல மீனைப் பார்த்தார் சுயம்புலிங்கம். தட்டு மாதிரி மெல்லிய உடம்பு, முதுகில் மையால் இழுத்துவிட்ட மாதிரி ஒரு கறுப்புக் கோடு, வாலில் மஞ்சள். நீல டாங் என்று பேர்.

"இதைக் கட்டிக் குடும்மா."

"குடுக்க மாட்டேன் அங்கிள்."

"ஏன், வித்துட்டியா?"

"விக்கல. உங்க தொட்டி ரெண்டடி. இது நாள் பூரா நீந்திட்டே இருக்கற மீன். அந்த டப்பாவுல விட்டா முட்டி முட்டியே செத்துடும். ஆறடி வைங்க, அன்னிக்கு நானே கொண்டாந்து விடறேன்."

இருபத்தாறு வருஷமாக தி.நகரில் கடை நடத்துகிறவர் சுயம்புலிங்கம். 'கொடுக்க மாட்டேன்' என்று சொல்கிற கடைக்காரரை அன்றுதான் பார்த்தார். டப்பா என்ற வார்த்தை வேறு நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது.

ஆறடி வைக்கலாம். தரைத்தள வீடு, எவ்வளவு கனமும் தாங்கும். இடமும் இருந்தது. இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். அதன் பேர் தங்கம்.

தங்கம் கத்துகிறவள் இல்லை. கத்தினால் அவரும் பதிலுக்குக் கத்திவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்க்கலாம். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். மெதுவாகக் கேட்பாள். அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே காரியம் அவள் பக்கம் முடிந்திருக்கும். ஏரலில் இருந்து கல்யாணம் முடித்து அழைத்து வந்த நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தோற்றதே இல்லை. அது கடை.

முத்துமாலை மேட்சிங் சென்டர் என்று பேர். உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பத்துக்குப் பதினைந்து அடி. புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி, பாவாடை, ஃபால்ஸ், லைனிங். நிறம் பார்த்துக் கொடுக்கிற கடை. சுயம்புலிங்கத்துக்குத் தெரிந்த நிறங்கள் மொத்தம் ஏழு. எட்டாவதாக எது வந்தாலும் அதற்கு மெரூன் என்று பேர். தங்கத்துக்கு அப்படி இல்லை. பச்சையில் மட்டும் அவளுக்கு நாற்பது பச்சை தெரியும். முருங்கைக்கீரை வேறு, வதக்கிய முருங்கைக்கீரை வேறு என்பாள். வருஷா வருஷம் பொங்கலுக்கு அவள் கேட்பாள்.

"கடைக்கு நானும் வாரேனே."

"கூட்டத்துல நீ எதுக்கு?" என்பார் அவர். அதோடு அடுத்த பொங்கல் வரை அந்தப் பேச்சு இருக்காது.

இந்தப் பொங்கலுக்கு அவள் கேட்கவேயில்லை. நல்ல சகுனம் என்று சுயம்புலிங்கம் எடுத்துக்கொண்டார்.

தொட்டி விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று கேட்க மாடிக்குப் போனார். மாடியில் குடியிருந்த விஜயராகவன், இன்ஷூரன்ஸ் ஆபீசில் யூனியன் தலைவராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"ஆறு வேணும்னா எட்டு கேளுங்கோ சுயம்பு," என்றார் விஜயராகவன். "அவா எட்டை அடிச்சு ஆறாக்குவா. ஜெயிச்ச திருப்தி அவாளுக்கு, ஆறடி நமக்கு. எத்தனை நிர்வாகத்தை இப்படிக் கவுத்திருக்கேன் தெரியுமோ?"

"நீங்க வீட்டுலயும் இப்படித்தான் ஜெயிப்பீங்களா சார்?"

விஜயராகவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆத்துல நான் எதையும் கேக்கறதே கிடையாது."

அன்று மத்தியானமே சாப்பாட்டு மேஜையில் சுயம்புலிங்கம் ஆரம்பித்தார்.

"ஏட்டி தங்கம், பவளம் வாங்கலாம்னு இருக்கேன்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "தங்கத்துக்குப் பவளமா?"

"மீனுக்கு."

"மீனு அதைக் காதுல போடுமா, கழுத்துல போடுமா?"

"இது உசிருள்ள பவளம். பாறையில ஒட்டி வளரும். நடுவுல டாங் ஒண்ணு நீந்தும்."

"டேங்க்குக்குள்ள டேங்க்கா?"

"அது மீனு பேருட்டி. அதுக்குத் தொட்டி பெருசா வேணும். எட்டடி."

"ஹாலே பதினோரு அடிதான். மிச்ச மூணடியில நாம நின்னுக்கிட்டே குடும்பம் நடத்தணுமா?"

கேள்வி வந்துவிட்டது. ஆனால் இந்த முறை அவரிடம் பதில் தயாராக இருந்தது. மாடியிலிருந்து கொண்டுவந்த பதில்.

"சரி, ஒனக்காக விட்டுத் தாரேன். ஏழடி."

"அஞ்சு."

"ஆறு. அதுக்கு மேல என்னால எறங்க முடியாது."

தங்கம் ஹாலைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். பெருமூச்சு ஒன்று விட்டாள். அவ்வளவு நீளமான பெருமூச்சை அவளிடம் அவர் கேட்டதே இல்லை.

"ஆறுன்னா ஆறு. ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லு."

"அதுல நான் ஒரு விரல் வைக்க மாட்டேன். எரை போட மாட்டேன், தண்ணி ஊத்த மாட்டேன், கண்ணாடி தொடைக்க மாட்டேன். வேலைக்கு வாரவகளையும் ஏவக்கூடாது. எல்லாம் நீங்கதான். இதை மாடி வீட்டு சார் முன்னால சொல்லணும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

சுயம்புலிங்கம் சாப்பிட்ட கையோடு மாடிப்படி ஏறினார். சொன்னார். விஜயராகவன் சாட்சியாக நின்று, "பேஷ், பேஷ்! இப்படியொரு ஆத்துக்காரி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்," என்றார். அன்று சாயங்காலம் குளிக்கும்போது சுயம்புலிங்கம் பாடினார். பத்து வருஷத்துக்குப் பிறகு பாடியதால் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

மாசி மாதம் தொட்டி வந்தது. எட்டுப் பேர் தூக்கி வந்தார்கள். வாசலில் நுழைத்தபோது இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் இடைவெளி. வாசலை அளந்து செய்த மாதிரி உள்ளே போனது. சோபாவை மாடிக்கு ஏற்றினார்கள். சாட்சி சொன்ன கூலி என்று விஜயராகவன் அதில் சாய்ந்துகொண்டார்.

தொட்டிக்குக் கடல் தண்ணீர் வேண்டும். முதல் தடவை மட்டும் அசல் கடல் தண்ணீராகவே இருக்கட்டும் என்று சுயம்புலிங்கத்துக்கு ஆசை. ஊரூர் ஆல்காட் குப்பத்துக்குப் போய்க் கிச்சாவைப் பிடித்தார். கிச்சா படகுக்காரர், அவர் வயசுதான் இருக்கும்.

"கரைத் தண்ணி வேண்டாம். நடுக்கடல்ல போய்ச் சுத்தமா மொண்டு தரணும். முப்பத்தஞ்சு கேன்."

"இன்னாத்துக்கு சார்?"

"வீட்டுல கடல் வைக்கப் போறேன்."

கிச்சா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கடலு இங்கியே கீதே சார். தெனம் வந்து சும்மா பாத்துக்கினு போவேண்டியதுதான? அத்தை எதுக்கு ஊட்டாண்ட இட்டுக்கினு போறே?"

"அது ஒனக்குப் புரியாது."

"வூட்ல அம்மா ஒண்ணியும் சொல்லலியா?"

"நான் சொன்னா அவ தட்ட மாட்டா."

"அப்போ நீ பெரிய ஆளு சார்," என்று கிச்சா கையெடுத்துக் கும்பிட்டார். அது கிண்டலா நிஜமா என்று சுயம்புலிங்கம் யோசிக்கவில்லை. நிஜமாகவே வாங்கிக்கொண்டார்.

முப்பத்தைந்து கேன் தண்ணீரும் உள்ளே போனது. பாறைகளை அடுக்கினார். ராசாவையும் ரோசாவையும் உள்ளே விட்டார். நீல விளக்கைப் போட்டார். ஹால் முழுக்கக் கடல் அசைந்தது. கூரையில் அலை, சுவரில் அலை, சுயம்புலிங்கத்தின் வழுக்கையில் அலை. அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் வேலை ஆரம்பித்தது.

ரெண்டடித் தொட்டிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஆறடித் தொட்டி தினமும் அரை வாளியைக் காற்றில் விட்டது. போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். கொஞ்சம் அசந்தால் உப்பு ஏறிவிடும், மீன் படுத்துவிடும். அதனால் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். அதையும் சளசளவென்று ஊற்றக் கூடாது, குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி புகட்ட வேண்டும். கண்ணாடியில் பழுப்பாக ஒன்று படிந்தது. துடைத்தார். துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி படிந்திருந்தது. சொட்டு மருந்து விட்டு, கண்ணாடிக் குழாயைக் குலுக்கி, தண்ணீர் என்ன நிறத்துக்கு மாறுகிறது என்று அட்டையில் பார்த்துச் சத்தும் கழிவும் சொல்ல வேண்டும். அங்கேதான் வந்தது ஆபத்து. அந்த அட்டையில் இருந்த எல்லா நிறமும் அவர் கண்ணுக்கு மெரூனாகத் தெரிந்தது.

"தங்கம், இது என்ன கலருன்னு பாரேன்."

"ஒரு விரல் வைக்க மாட்டேன்னு சொன்னேன்லா."

"விரல் வேண்டாம், கண்ணு வை."

"கண்ணு வைக்கக் கூடாதுங்க, மீனுக்கு ஆகாது," என்று அவள் போய்விட்டாள்.

கடை பத்து மணிக்குத் திறக்க வேண்டியது. பன்னிரண்டாயிற்று. பிறகு ஒன்றாயிற்று. பங்குனி வெயில் ஏறியதும் தண்ணீரின் சூடும் ஏறியது. மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி, இந்தப் பக்கம் திருப்பி, ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு, வெப்பமானியை முறைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்தார். ஒருநாள் கடையைத் திறக்கவேயில்லை. மறுநாள் போனில் வந்தது ஒரு தையல்கார அம்மாளின் குரல்.

"என்ன அண்ணாச்சி, கடையை மூடிட்டீங்களா? நாங்க எதிர்த்தாப்புலயே வாங்கிக்கறோம். அங்க கலர் பாத்துச் சொல்லக் கூட ஒரு பொண்ணு இருக்கு."

எதிர்க்கடை! மீனை விட்டால் மீன் போகும். கடையை விட்டால் கடை போகும். ஆள் ஒன்று, கடல் ஒன்று, கடை ஒன்று. ஒரு மணி நேரம் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"தங்கம்..."

"என்னங்க?"

"கொஞ்ச நாளைக்கு நீ கடையைப் பாத்துக்கிடுதியா?"

"நானா?" தங்கம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "கூட்டத்துல நான் எதுக்கு?"

"அப்படிச் சொல்லாத. நம்ம கடை."

"எனக்கு என்ன தெரியும்? ஒங்களை மாதிரி வருமா?"

"நீ சும்மா போய் உக்காந்தா போதும்."

"வேண்டாங்க. வீட்டு வேலை யாரு பாப்பா?"

"நான் பாக்கேன்."

"சோறு?"

"நானே பொங்குதேன்."

"கொழம்பு?"

"வைக்கேன்ட்டி! ஒன்னைக் கையெடுத்துக் கும்பிடுதேன், கெளம்பு."

மறுபடியும் ஒரு பெருமூச்சு. "ஒங்க மீனுக்காகப் போறேன்," என்றாள். உள்ளே போனவள் ஐந்தே நிமிஷத்தில் கஞ்சி போட்ட சுங்குடிப் புடவையில் வெளியே வந்தாள். கையில் டிபன் டப்பா. அதில் தயிர்ச் சோறு ஏற்கெனவே கட்டியிருந்தது. நல்ல வேளை, இன்றைக்கென்று பார்த்துச் சோறு மிச்சம் இருந்திருக்கிறது என்று சுயம்புலிங்கம் சந்தோஷப்பட்டார்.

சொல்லப்போனால், அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் அவர் வாழ்க்கையின் பொற்காலம். ஒன்றரை மாதத்தில் தண்ணீர் தெளிந்து கண்ணாடியாகிவிட்டது. பாறையில் ஊதா படர்ந்தது. பவளங்கள் பகலில் பூத்து, விளக்கை அணைத்தால் கூம்பின. சித்திரையில் ஜுவேரியா சொன்ன சொல் மாறாமல் நீல டாங்கைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீரைச் சோதித்தாள். கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"அங்கிள், உண்மையைச் சொல்லட்டா? மெட்ராஸ்ல இவ்வளவு சுத்தமான தொட்டி நான் பாத்ததில்ல."

சுயம்புலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. நீல மீன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அம்பு மாதிரி போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. ராசா ஒரு பூப் போன்ற கடல் தாமரைக்குள் குடியேறி, ரோசாவையும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டது.

"ராசா பாரு, பொண்டாட்டிக்கு எடம் பிடிச்சுக் குடுக்கான்," என்றார் பெருமையாக.

"அங்கிள், இந்த மீன்ல பெருசுதான் பொம்பளை. சின்னது ஆம்பளை. பெருசு சொல்ற எடத்துல சின்னது இருக்கும்."

சுயம்புலிங்கம் சின்ன மீனைப் பார்த்தார். அது பெரிய மீன் விலகுகிற வரை காத்திருந்து மிச்ச இரையைத் தின்றுகொண்டிருந்தது. அன்றே பேரை மாற்றிப் போட்டார்.

தெருவே பார்க்க வந்தது. விஜயராகவன் தன் சம்பந்தியை அழைத்து வந்து, எல்லாம் தான் கொடுத்த யோசனை என்றார். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் ஒருத்தி நாற்பது பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்தாள். சுயம்புலிங்கம் கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கடலைப் பற்றிப் பேசினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். கடையில் இருபத்தாறு வருஷம் நின்றதற்கு யாரும் கை தட்டியதில்லை.

நடுநடுவே குக்கர் விசில் அடிக்கும். போய் இறக்குவார். தண்ணீர் ஊற்றுவார். துணியைக் காயப் போடுவார். மறுபடி தண்ணீர் ஊற்றுவார். தங்கம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்.

"கொழம்பு என்ன?"

"புளிக்கொழம்பு."

"நேத்தும் அதுதான?"

"நேத்து உப்பு கூட. இன்னிக்கு அளந்து போட்டேன். உப்புமானியில பாத்தாச்சு."

அவள் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள். சாப்பிட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒங்க கை ராசி யாருக்கும் வராதுங்க," என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு அவர் இன்னும் நாலு வாளி ஊற்றத் தயாராக இருந்தார்.

ஆடி பிறந்தது. தி.நகர் முழுக்கத் தள்ளுபடி. ஜுவேரியா ஒருநாள் நீல மீனை விசாரிக்க வந்தாள். சுயம்புலிங்கம் அப்போது தோளில் துண்டோடு வாளியும் சொம்புமாக நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அங்கிள், இன்னும் கையாலயா ஊத்தறீங்க?"

"பின்னே காலாலயா ஊத்துவாங்க?"

"அதுக்குத்தான் ஒரு சின்ன மிஷின் இருக்கே! தண்ணி கொறைஞ்சா அதுவே ஊத்திக்கும். சூட்டுக்குச் சில்லர் இருக்கு. எரை போட டப்பா இருக்கு. எல்லாத்தையும் மாட்டிட்டா நாள்ல பத்து நிமிஷம் எட்டிப் பாத்தா போதும்."

சுயம்புலிங்கம் சொம்போடு சிலையானார். "இதை ஏன் நீ மொதல்லயே சொல்லல?"

"சொன்னேனே! ஆன்ட்டி கிட்ட சொன்னேன். 'அதெல்லாம் வேண்டாம்மா, அவங்களுக்குக் கையால செஞ்சாத்தான் திருப்தி'ன்னாங்க."

"எந்த ஆன்ட்டி?"

"தங்கம் ஆன்ட்டிதான். பொங்கலுக்கு முன்னாடி கடைக்கு வந்தாங்களே."

"பொங்கலுக்கு முன்னாடியா?"

"ஆமா. நாலடிக்கு எவ்வளவு வேலை, ஆறடிக்கு எவ்வளவு வேலைன்னு கேட்டாங்க. எட்டடியையும் விசாரிச்சாங்க. வாசல்ல நுழையாதுன்னு அவங்களே விட்டுட்டாங்க." ஜுவேரியா கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம்... அந்த நீல மீனை உங்களுக்குக் காட்டச் சொன்னதும் அவங்கதான். காட்டு, ஆனா குடுத்துடாதேன்னாங்க. மீனுக்கும் அதான் நல்லதுங்கறதால நானும் சரின்னேன்."

சுயம்புலிங்கம் நாற்காலியிலிருந்து இறங்கினார். சொம்பை வைத்தார். துண்டை உதறினார்.

"அந்த மிஷின் எல்லாத்தையும் இன்னிக்கே மாட்டு," என்றார். "நாளைக்கு நான் கடைக்குப் போறேன்."

மறுநாள் காலை தங்கம் எப்போதும் போல முன்னால் கிளம்பிவிட்டாள். மிஷின் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது. சில்லர் உறுமியது. சுயம்புலிங்கம் நாலு மாதமாகப் பெட்டியில் கிடந்த வெள்ளைச் சட்டையைப் போட்டார். வழியெல்லாம் பேச வேண்டிய வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். 'எல்லாம் தெரிஞ்சு போச்சு. நாளையில இருந்து நீ வீட்டுல இரு.' இன்று அவளுக்குக் கேள்வி கேட்க இடமே கொடுக்கக் கூடாது.

சந்து முனையிலேயே நின்றுவிட்டார். கூட்டம். தன் கடை வாசலில் அப்படி ஒரு கூட்டத்தை அவர் பார்த்ததில்லை. தையல்கார அம்மாள், எதிர்க்கடைக்குப் போனவள், திரும்பி வந்து வரிசையில் நின்றாள். இடித்துப் பிடித்து உள்ளே நுழைந்தால், சுவர் முழுக்கத் துணிகள் நிறவாரியாக ஒன்றிலிருந்து ஒன்று கரைந்து போகிற மாதிரி அடுக்கியிருந்தன. விடியற்காலை வானம் மாதிரி இருந்தது.

தங்கம் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தாள். எதிரே மயிலாப்பூரிலிருந்து வந்த நீரஜா என்கிற பெண், பழைய கல்யாணப் புடவை ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தாள்.

"பதினெட்டுக் கடை ஏறி எறங்கிட்டேன். எங்கேயுமே சேரலை. மஞ்சள்ங்கறா, கொண்டுபோனா மஞ்சளா இல்ல."

தங்கம் புடவையின் ஓரத்தை விரலால் நீவினாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இது மாம்பழமும் இல்ல, கடுகும் இல்லம்மா. பலாச்சுளை. அதுவும் உரிச்சு ரெண்டு நாளானது." திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி ஒரு துணியை உருவினாள். புடவை மேல் வைத்தாள். எது புடவை, எது துணி என்று தெரியவில்லை. நீரஜா வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் 'ஆ' என்றார்கள்.

சுயம்புலிங்கத்தையும் அறியாமல் அவர் வாயிலிருந்தும் ஒரு 'ஆ' வந்தது. உடனே வசனம் ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் போனார்.

"எல்லாம் தெரிஞ்சு போச்சு தங்கம்."

"எதுங்க?"

"பொங்கலுக்கு முன்னாலயே நீ ஜுவேரியா கடைக்குப் போனது!"

"ஆமா, போனேன். ஒங்களுக்குப் பிடிச்சதை நான் விசாரிக்கக் கூடாதா?" தங்கம் மெதுவாகக் கேட்டாள். "ஆறடித் தொட்டி ஒங்களுக்குப் பிடிக்கலையா?"

பிடித்திருந்தது. உயிராகப் பிடித்திருந்தது. அதுதான் சிக்கல். அவர் வாயைத் திறந்தார், மூடினார். ராசாவும் ரோசாவும் செய்கிற மாதிரியே இருந்தது.

அதற்குள் ஒரு அம்மாள் அவசரப்பட்டாள். "யாராவது ராணி கலர் எடுங்களேன்!"

கைப்பழக்கத்தில் சுயம்புலிங்கம் பாய்ந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அந்த அம்மாள் துணியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சார், இது மெரூன். தயவுபண்ணி அந்த அம்மாவையே எடுக்கச் சொல்லுங்க."

தங்கம் அவர் கையிலிருந்த துணியை வாங்கி மடித்து வைத்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க," என்று அவரை ஓரமாக உட்கார வைத்து ஒரு மோரும் வரவழைத்துக் கொடுத்தாள். மோரில் உப்பு சரியாக இருந்தது. சுயம்புலிங்கம் குடித்தார். அவள் கை மேலும் கீழும் பறந்து நிறங்களைப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே குடித்தார். கோபத்தைத் தேடினார். கிடைக்கவில்லை.

துணியைப் பையில் வைத்துக்கொண்டிருந்த நீரஜா, முக்காலியில் மோரோடு இருந்தவரைக் கவனித்தாள்.

"யாரு இவர்?"

"எங்க வீட்டுக்காரங்க," என்றாள் தங்கம், முகமெல்லாம் பூரித்து.

"அப்படியா! சார் என்ன பண்றார்?"

தங்கம் அடுத்த துணியை அளந்துகொண்டே சொன்னாள்:

"வீட்டுல சும்மாத்தான் இருக்காங்க."